கையடக்க எண்முறை ஒலிப்பதிவுக் கருவிகளும் கோப்பு வடிவங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு மொழியின் செல்வம் ஏட்டில் எழுதப்பெற்றவற்றோடு முடிந்துவிடுவதன்று. தாலாட்டு, ஒப்பாரி, கதைப்பாடல், விடுகதை, வட்டார வழக்கு என வாய்மொழியாகவே வாழ்ந்து வருவன பல. இவற்றைத் தொகுக்கப் புகுந்தோர் முன்னாளில் செவியாற் கேட்டுக் கையால் எழுதினர். பின்னர் ஒலிப்பதிவுக் கருவியைத் துணைக்கொண்டனர். இன்று நாட்டார் வழக்காற்றியலிலும் கிளைமொழியியலிலும் ஆய்வு செய்யும் மாணவர் கையடக்கமான எண்முறைப் பதிவுக் கருவியையோ கைப்பேசியையோ எடுத்துக்கொண்டே ஊர்களுக்குச் செல்கின்றனர். ஆயினும், அக்கருவி ஒலியை எவ்வடிவில் எழுதி வைக்கின்றது, அவ்வடிவைக் கணிப்பொறி எங்ஙனம் படிக்கின்றது, நாளையும் படிக்குமா என்னும் வினாக்களை எழுப்புவார் சிலரே.

சுவடிகளோடு பழகிய தமிழ்ப் புலவர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. ஓர் ஏடு பயன்பட வேண்டுமாயின் ஓலை செல்லரியாது இருத்தல் வேண்டும். அதன்கண் உள்ள எழுத்தின் முறை தெரிந்திருத்தல் வேண்டும். அதனைப் படிக்க வல்லாரும் இருத்தல் வேண்டும். பாண்டிநாட்டில் வழங்கிய வட்டெழுத்து, 11-ஆம் நூற்றாண்டளவில் சோழராட்சி அங்குப் பரவிய பின்னர், மெல்ல மெல்ல வழக்கிழந்தது. அவ்வெழுத்தாற் பொறித்த கல்வெட்டுகள் அழிந்தில, படிப்போரே அருகினர். கல் நின்றது, எழுத்தின் வழக்கு நின்றிலது. எண்முறை ஒலிப்பதிவின் வரலாற்றிலும் இஃதே நிகழ்ந்தது. ஆனால், ஆங்கு நூற்றாண்டுகளிற் கண்டதை ஈண்டுப் பத்து இருபது ஆண்டுகளிற் காண்கின்றோம். இதனை விளக்கி, ஆய்வாளர் கொள்ளத்தக்க நெறி யாது எனக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணாக மாறிய ஒலி

எடிசன் 1877-இல் ஒலியைப் பதிந்து மீட்டுக் கேட்கும் கருவியை அமைத்தார். 1890-இல் ஜெஸ்ஸி வால்ட்டர் ஃப்யூக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், பசமகுவாடி மக்களின் பாடல்களையும் கதைகளையும் மெழுகு உருளைகளிற் பதிந்தார். கள ஆய்விற்கு ஒலிப்பதிவைப் பயன்படுத்திய தொடக்க முயற்சி அதுவே. 1951-இல் ஸ்டீபன் குடெல்ஸ்கி, தூக்கிச் செல்லத்தக்க நாக்ரா என்னும் நாடாக் கருவியை வெளியிட்டார். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை அறிமுகம் செய்தது. நாம் கேசட் என்று வழங்குவது அதனையே. இவை யாவும் ஒலியலையின் உருவத்தை மெழுகிலோ காந்த நாடாவிலோ தொடர்ச்சியாகப் படிய வைத்தன. ஆதலின், ஒன்றிலிருந்து ஒன்றைப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் மிகும், தெளிவு குறையும். ஏடெழுதுவோர் ஒருவர்பின் ஒருவராகப் பிழைகளைப் பெருக்கியது போன்றதே இது.

எண்முறை வேறுபட்டது. ஒலியலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதி வைப்பது அதன் இயல்பு. இக்கருத்தினை அலெக் ரீவ்ஸ் 1937-இல் வகுத்தார். இதன்கண் அடிப்படையாவன இரண்டு: நொடிக்கு எத்துணை முறை அளப்பது என்பது ஒன்று, ஒவ்வோர் அளவையும் எத்துணை நுணுக்கமாக எழுதுவது என்பது மற்றொன்று. முன்னதை ஹெர்ட்ஸ் என்றும் பின்னதைப் பிட் என்றும் குறிப்பர். ஓர் ஒலியைத் திரும்பப் பெற வேண்டுமாயின் அதன் அதிர்வெண்ணின் இருமடங்கிற்கு மேற்பட்ட முறை அளத்தல் வேண்டும். மனிதர் செவிக்கு எட்டும் மேலெல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். எனவே, நொடிக்கு 40,000 முறைக்கு மேல் அளத்தல் இன்றியமையாததாயிற்று.

குறுவட்டு 1982-இல் விற்பனைக்கு வந்தபோது 44,100 என்னும் எண் நிலைபெற்றது. இவ்வெண் எங்ஙனம் வந்தது என ஆராய்தல் தகும். அந்நாளில் இத்துணை எண்களைப் பதிந்து வைக்க ஒளிக்காட்சி நாடாப்பெட்டியே பெரிதும் பயன்பட்டது. அதில் நொடிக்கு 60 அரைப்படங்கள்; ஒவ்வோர் அரைப்படத்திலும் பயன்கொள்ளத்தக்க கோடுகள் 245; கோடொன்றுக்கு அளவுகள் 3. இவற்றைப் பெருக்கின் 44,100 ஆகும். ஐரோப்பிய முறையில் 50 அரைப்படங்கள், 294 கோடுகள், 3 அளவுகள் எனக் கொண்டு பெருக்கினும் அதுவே வரும். நாடாப்பெட்டி மறைந்த பின்னரும் அதன் கணக்கு இன்றைய கோப்புகளில் நிலைத்துள்ளது. ஒருகாலத்துத் தேவை பிற்காலத்து மரபாக எஞ்சுதலுக்கு இது தக்க சான்று.

எண் உண்டு, கோப்பு இல்லை

கையிற் கொண்டு செல்லத்தக்க எண்முறைக் கருவிகளுள் முதற்கண் குறிக்கத்தக்கது டாட் எனப்படும் எண்முறை ஒலிநாடா. இது 1987-இல் வெளிவந்தது. நொடிக்கு 48,000 முறை, 16 பிட் நுணுக்கத்தில் ஒலியை அளந்து சுருக்காமற் பதிந்தமையின், மொழியியலாரும் இசை ஆய்வாளரும் இதனைப் பெரிதும் விரும்பினர். ஆயினும், அதன் நாடாவில் இருந்தவை எண்களேயன்றிக் கோப்புகள் அல்ல. கணிப்பொறிக்கு மாற்ற வேண்டின், கருவியை ஓடவிட்டு ஒருமணி நேரப் பதிவை ஒருமணி நேரம் காத்திருந்து வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். அன்றியும், படியின் படியைத் தடுக்கும் குறியொன்று இல்லப் பயன்பாட்டுக் கருவிகளில் வைக்கப்பெற்றது. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியது. இசைத்தட்டு வணிகத்தைக் காக்க எழுந்த இத்தடை, தாமே களத்திற் பதிந்த பாட்டைப் படியெடுக்கும் ஆய்வாளரையும் தொட்டது. 2005-ஆம் ஆண்டின் இறுதியில் சோனி நிறுவனம் டாட் கருவிகளின் உற்பத்தியை நிறுத்திற்று.

1992-இல் அதே நிறுவனம் மினிடிஸ்க் என்னும் சிறுவட்டினை வெளியிட்டது. குறுவட்டு நொடிக்கு 1,411 கிலோபிட் கொள்ள, இச்சிறுவட்டு ஏறத்தாழ 292 கிலோபிட்டே கொண்டது. செவி உணராது எனக் கருதப்படும் பகுதிகளை நீக்கி, எஞ்சியவற்றை மட்டும் எழுதும் அட்ராக் என்னும் சுருக்கமுறையே இதற்குக் காரணம். ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் 74 நிமிட ஒலி அடங்கியது. கருவி சிறியது, விலையும் டாட்டை நோக்கக் குறைவு. ஆதலின், கள ஆய்வாளர் பலர் இதனைக் கைக்கொண்டனர்.

ஈண்டு நோக்கத்தக்கது கணிப்பொறியோடு இதற்கிருந்த உறவே. 2001-இல் வந்த நெட் எம்.டி. வகை, கணிப்பொறியோடு வடத்தால் இணைந்தது. ஆனால், பாட்டுகள் கணிப்பொறியிலிருந்து வட்டிற்குச் செல்லுமேயன்றி, வட்டிற் பதிந்தவை கணிப்பொறிக்கு அவ்வழியே வாரா. பதிந்தவர் காதணி கேட்கும் துளையில் வடம் செருகி, ஒலியை மீண்டும் அலையாக்கி, மீண்டும் எண்ணாக்கி வாங்கிக்கொள்ள நேர்ந்தது. 2004-இல் வந்த ஹை எம்.டி. வகையில் 1 கிகாபைட் இடமும், சுருக்காத பதிவும், கணிப்பொறிக்கு ஏற்றும் வழியும் அமைந்தன. எனினும், நிறுவனத்தின் சொந்த மென்பொருள் வழியாகவே ஏற்றுதல் கூடும். தொடக்கத்திற் பதிவுகள் பூட்டிய நிலையிலேயே வந்தன. பழைய சிறுவட்டுகளிலிருந்தும் நேரே கோப்பாக ஏற்றவல்ல கருவி 2006-இல் தான் வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. கையடக்க மினிடிஸ்க் கருவிகளின் விற்பனை 2011-இலும், வட்டுகளின் உற்பத்தி 2025 பெப்ரவரியிலும் முடிவுற்றன.

மூடிய வடிவங்கள்

நகரும் உறுப்பு ஒன்றுமின்றி, மின்னினைவகத்தில் நேரே பதியும் சிறு குரற்பதிவுக் கருவிகள் 1990-களில் தோன்றின. இவை கதைப்பாடல் பதிவதற்கென்று அமைந்தன அல்ல. மருத்துவரும் வழக்கறிஞரும் சொல்வதைக் கேட்டுத் தட்டெழுதுவோர்க்காக அமைந்தன. நினைவகத்தின் விலை அக்காலத்து மிக உயர்வாக இருந்தது. குறுவட்டின் தரத்தில் ஒருமணி நேர ஒலிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் வேண்டும்; அக்கருவிகளிலோ சில மெகாபைட் இடமே இருந்தது. எனவே, பேச்சின் பொருள் விளங்கினாற் போதும் என்னும் அளவிற்கு ஒலியைச் சுருக்கினர்.

ஒலிம்பஸ், பிலிப்ஸ், கிரண்டிக் ஆகிய நிறுவனங்கள் கூடி டி.எஸ்.எஸ். என்னும் வடிவினை வகுத்தன. சோனி நிறுவனம் எம்.எஸ்.வி., டி.வி.எஃப். என்னும் வடிவங்களைத் தன் கருவிகளிற் கையாண்டது. இவற்றைக் கணிப்பொறியிற் கேட்க வேண்டின் அவ்வந்நிறுவனத்தின் மென்பொருளோ துணைநிரலோ வேண்டும். கணிப்பொறியின் இயக்கமுறை மாறுந்தோறும் அம்மென்பொருளும் மாறுதல் வேண்டும். மாறாதொழியின் கோப்பு ஊமையாகும். இதனை நிறுவனங்களின் தீய எண்ணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. சொல்லித் தட்டெழுதிய பின் அழித்துவிடும் ஒலிக்கு ஐம்பதாண்டு வாழ்வு வேண்டியதில்லை. பிழை, அழிவதற்கென அமைந்த வடிவினைக் காப்பதற்கெனக் கைக்கொண்டோரிடத்தே உள்ளது.

திறந்த வடிவமும் தலைக்குறிப்பும்

மூடிய வடிவங்களின் வேறாக, அமைப்பு முழுதும் வெளிப்படையாக அறிவிக்கப்பெற்ற வடிவங்களும் வளர்ந்தன. ஆப்பிள் நிறுவனம் 1988-இல் ஏ.ஐ.எஃப்.எஃப். என்னும் வடிவினையும், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் 1991-இல் வேவ் என்னும் வடிவினையும் வெளியிட்டன. இரண்டும் பெரும்பாலும் சுருக்காத எண்களையே தாங்குவன. ஓர் எண்ணின் பெரும்பகுதியை முன்னெழுதுவதா சிறுபகுதியை முன்னெழுதுவதா என்பதில் இரண்டும் வேறுபட்டன. அவ்வக்காலத்துக் கணிப்பொறிகளின் உள்ளுறுப்பு வேறுபாடே இதற்குக் காரணமாகும்.

வேவ் கோப்பின் தொடக்கத்தில் ஒரு தலைக்குறிப்பு உண்டு. பெரும்பாலும் 44 பைட் அளவினது. நொடிக்கு எத்துணை அளவுகள், ஒவ்வொன்றும் எத்துணைப் பிட், ஒருவழிப் பதிவா இருவழிப் பதிவா என்பன அதில் அடங்கும். இத்தலைக்குறிப்பு இன்றேல் எஞ்சியவை வெறும் எண்களே. அவற்றைத் தவறான வேகத்திற் படித்தால் ஆண்குரல் பெண்குரலாகும். தவறான வரிசையிற் படித்தால் பேச்சு இரைச்சலாகும். தமிழ் ஏடுகளிற் புள்ளியிட்டெழுதாமையால் நேர்ந்த இடர்ப்பாட்டை ஈண்டு ஒப்பிடலாம். எகர ஒகரங்கட்கும் மெய்கட்கும் புள்ளி வேண்டும் எனத் தொல்காப்பியர் விதித்தும், ஓலை கிழியும் என அஞ்சியோர் புள்ளியை விடுத்தனர். அதனால் நெடிலும் குறிலும் மயங்கின. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தம் இம்மயக்கத்தைக் களையவே எழுந்தது. சிறு குறி ஒன்றைச் சிக்கனம் கருதி விடுத்தால் பெரும்பொருள் மயங்கும் என்பது இரண்டிடத்தும் ஒக்கும்.

1997-இல் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம், வேவ் வடிவின் தலையில் மேலும் ஒரு பகுதியைச் சேர்த்து ஒலிபரப்பு வேவ் என்னும் வடிவினை வகுத்தது. பதிந்தவர் யார், பதிந்த நாள், நேரம், பொருட்சுருக்கம் என்பவற்றை அதில் எழுதலாம். சுவடியின் இறுதியில் எழுதினோர் பெயரும் நாளும் குறிக்கும் நம் மரபின் பயனை இது கோப்பின் தலையில் அமைத்துத் தந்தது. உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் 2004-இல் வெளியிட்ட நெறிமுறை இவ்வடிவினையே பரிந்துரைத்தது. பழைய பதிவுகளை எண்ணாக்குங்கால் 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்பதைக் குறைந்த அளவாகவும் விதித்தது.

வடமும் அட்டையும்

கோப்பு வடிவம் திறந்ததாயினும், அது கணிப்பொறியைச் சென்று சேர வழி வேண்டும். 1996-இல் யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு வந்தது. அதன்வழி, கருவியைக் கணிப்பொறி ஒரு சேமிப்பகமாகவே கண்டு திறக்கும் முறை பின்னர்ப் பரவியது. தனி மென்பொருள் வேண்டாதாயிற்று. 1994-இல் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையும், 1999-இல் எஸ்.டி. அட்டையும் தோன்றின. 2005-ஐ ஒட்டி மாரன்ட்ஸ், எடிரால், ஜூம் முதலிய நிறுவனங்கள் இவ்வட்டைகளில் வேவ் கோப்பாகவே பதியும் கையடக்கக் கருவிகளை வெளியிட்டன. ஜூம் எச்4, எடிரால் ஆர்-09 ஆகியவை 2006-இல் வந்தன. கள ஆய்வாளர் அட்டையைக் கழற்றிக் கணிப்பொறியிற் செருகினர். ஒருமணி நேரப் பதிவு சில நிமிடங்களிற் படியாயிற்று. ஒலித்தரத்தில் இவை டாட்டை வென்றன என்பதினும், வடிவம், சேமிப்பகம், வடம் ஆகிய மூன்றிலும் பொது உடன்பாடு அமைந்ததே இவற்றின் வெற்றிக்குக் காரணம் என்க.

ஆயினும் இடர் முற்றும் ஒழிந்திலது. வேவ் கோப்பு தன் அளவைக் குறிக்க 32 பிட்டே கொண்டமையால் 4 கிகாபைட்டிற்கு மேல் வளராது. அட்டைகளில் வழங்கும் ஃபேட் 32 என்னும் அமைப்பிற்கும் அதுவே எல்லை. கருவிகள் சில 2 கிகாபைட்டிலேயே கோப்பை முறித்து அடுத்ததைத் தொடங்கும். நம் தெருக்கூத்தினை எடுத்துக்கொள்வோம். இரவு முழுதும் 8 மணி நேரம் நிகழும் கூத்தினை 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், இருவழிப் பதிவாகக் கொண்டால் நொடிக்கு 288,000 பைட் ஆகும். மொத்தம் ஏறத்தாழ 8.3 கிகாபைட். அது 2 கிகாபைட் எல்லையில் நான்கு கோப்புகளாக முறியும். முறிவு ஒரு விருத்தத்தின் நடுவிலும் நேரலாம். கோப்புகளின் வரிசையைக் குறித்து வையாவிடின், ஏடுகள் இடம்மாறிய சுவடி போலவே அப்பதிவு ஆகும். 2009-இல் அறிவிக்கப்பெற்ற பேரளவு அட்டைகள் எக்ஸ்ஃபேட் என்னும் வேறமைப்பைக் கொண்டன. பழைய கணிப்பொறிகள் பல அதனைப் படிக்கமாட்டா. 2019 முதல் சிறு கருவிகளிலும் வந்துள்ள 32 பிட் மிதவை எண் பதிவினைப் பழைய மென்பொருள் சில திறக்கமாட்டா. திறந்த வடிவிற்குள்ளும் எழுத்து மாறிக்கொண்டே உள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

ஒரு சொல்லின் கதை

யாம் முனைவர்ப் பட்டத்திற்கு ஆய்வு செய்த காலத்து, ரகர றகர வேறுபாட்டைப் பேச்சிற் காத்துவரும் தென்கோடி வட்டாரத்தில் ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்தோம். சிறியதொரு குரற்பதிவுக் கருவியைக் கையாண்டோம். நெடுநேரம் பதிய வேண்டி, அதன் தரங்களுள் தாழ்ந்ததைத் தெரிந்தோம். அதன் கோப்பு மூடிய வடிவினது. பாடல்களை அன்றே எழுதிக்கொண்டமையால் கோப்புகளைப் பின்னர் நோக்கிலம்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்து அத்தொகுப்பைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, ஒரு பாடலில் யாம் ‘கரை’ என எழுதிய சொல் ஐயம் தந்தது. ‘கறை’ எனின் பொருள் முற்றும் வேறாகும். கணவனை இழந்தாளின் துயரம் ஆற்றங்கரையைப் பற்றியதா, தன்மேல் ஊரார் ஏற்றிய பழியைப் பற்றியதா என்பது அவ்வோர் எழுத்தில் நின்றது. பாடிய முதியவள் அதற்குள் மறைந்துவிட்டாள். எம் கணிப்பொறியோ அக்கோப்பினைத் திறக்க மறுத்தது. நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் இருந்த பழைய கணிப்பொறியில் பழைய மென்பொருளை நிறுவி, அரிதின் முயன்று கேட்டோம். முதியவளின் குரல் வந்தது, அழுகை வந்தது, ஊரின் பெயரும் வந்தது. அவ்வல்லினமோ இடையினமோ மட்டும் தெளிவுற வரவில்லை. சுருக்கமுறை அதனை வேண்டாத நுணுக்கமெனத் தேய்த்துவிட்டது. இரண்டு பாடங்களையும் காட்டிப் பதிப்பிப்பதன்றி எமக்கு வேறு வழியில்லை. வடிவம் மூடியதாயினும் முயன்று திறக்கலாம். இழந்த ஒலியை எம்முயற்சியாலும் மீட்டல் இயலாது என்பதை அன்று உணர்ந்தோம்.

ஒரு மறுப்பும் விடையும்

இனி, எம்பி3 வடிவினை எல்லாக் கணிப்பொறியும் படிக்கின்றதே, அதன் உரிமக் கட்டுப்பாடும் 2017-இல் முடிந்ததே, அதுவே போதாதா எனின், கூறுதும். அது திறந்த வழக்குடையது என்பது உண்மை. கேட்பதற்கும் பிறர்க்கு அனுப்புவதற்கும் ஏற்றது. ஆனால், அதுவும் செவி உணராதவை எனக் கொண்டவற்றை நீக்கியே எழுதுகின்றது. ஒருமுறை சுருக்கியதை மீண்டும் சுருக்கினால் இழப்பு மேலும் பெருகும். கைப்பேசிகள் சிலவற்றில் வழங்கிய ஏ.எம்.ஆர். என்னும் குறுகிய வடிவமோ நொடிக்கு 8,000 அளவுகளே கொள்வது. 4,000 ஹெர்ட்ஸிற்கு மேற்பட்ட ஒலி அதில் இல்லை. ஸகரத்தின் உரசொலி பெரிதும் அவ்வெல்லைக்கு மேலேயே உள்ளது. சகரம் எவ்வூரில் எவ்வாறு ஒலிக்கின்றது என ஆராய்வார் அதனைச் சான்றாகக் கொள்ளல் எங்ஙனம் ஒல்லும்? எனவே, மூலப் பதிவு சுருக்காத வேவ் வடிவில் இருத்தல் வேண்டும். எம்பி3 அதன் படியாக இருக்கலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. எண்முறை ஒலிப்பதிவு முதலில் நாடாவிற் கட்டுண்ட எண்ணாகவும், அடுத்து மூடிய வடிவிற் கட்டுண்ட கோப்பாகவும், பின்னரே எவரும் படிக்கத்தக்க திறந்த கோப்பாகவும் வளர்ந்தது. ஒவ்வொரு நிலையிலும் கருவியைத் தெரிந்தோர் அளவையும் விலையையும் நோக்கினர். படிக்கும் வழி நிலைக்குமா என நோக்கினார் சிலரே.

ஆய்வு மாணவர் களத்திற்குச் செல்லுமுன் தம் கருவி எவ்வடிவில் எழுதுகின்றது எனக் கண்டறிதல் வேண்டும். சுருக்காத வேவ் வடிவினைத் தெரிதல் வேண்டும். பாடியவர், ஊர், நாள், கோப்பின் வரிசை ஆகியவற்றை அன்றே எழுதி உடன்வைத்தல் வேண்டும். வேறு வேறிடங்களிற் படிகளை வைத்து, சில ஆண்டுகட்கு ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். துறைகளின் பேழைகளில் உறங்கும் டாட் நாடாக்களையும் சிறுவட்டுகளையும், அவற்றை ஓட்டவல்ல கருவிகள் சிலவேனும் எஞ்சியிருக்கும் இக்காலத்திலேயே மாற்றிக்கொள்ளுதல் தலையாய கடமையாகும். ஏடு தேடியலைந்த நம் முன்னோர் செல்லரித்த ஓலைகளிலிருந்தும் நூல்களை மீட்டனர். செல்லரித்த ஓலையில் எஞ்சிய எழுத்தேனும் கண்ணுக்குத் தெரிந்தது. திறவாத கோப்பில் அதுவும் தெரியாது.